கட்டைவிரலின் வேலை

எங்கள் புற்றுநோய்ப் பதிவகத்தில் உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, இறந்தவருக்குப் பூஜ்ஜியம். பயிற்சியின் முதல் வாரமே இதை மண்டையில் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்துபோன ஒவ்வொருவரையும் வருடத்துக்கு ஒரு தடவை போனில் பிடித்து, இருக்கிறாரா இல்லையா என்று விசாரித்து, அந்த எண்ணைக் கணினியில் தட்ட வேண்டும். விசைப்பலகையின் வலது ஓரத்து எண் விசைகளைப் பார்க்காமல் தட்டவும் பழக்கினார்கள். ஒன்றுக்கு ஆள்காட்டி விரல். கீழே நீளமாகக் கிடக்கும் பூஜ்ஜியத்துக்குக் கட்டைவிரல்.

பழக்கியவர் கறார் அக்கா. பெயர் நான் வைத்தது; அவருக்கும் தெரியும். என் பயிற்சித் தாளில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியும்.

"சொந்தக்காரங்க ஃபைலைத் தொடக் கூடாது. தொட்டா பரீட்சையும் இல்ல, வேலையும் இல்ல" என்று சொல்லியிருந்தார்.

எனக்கு அப்படி ஒரு ஃபைல் இருந்தது. என் தம்பி. குடலில் வந்தது. பாதி சிகிச்சையில் போதும் என்று எழுந்துவிட்டான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புதிதாகப் படித்த திமிரில், மருந்தை விட்டால் நூற்றுக்கு எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று அவனுக்கே பாடம் எடுத்தேன். "நான் உன் தம்பியா, உன் கணக்கா?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். பழைய நம்பரையும் தலைமுழுகிவிட்டான். ஆஸ்பத்திரி கவுண்டரில் விசாரித்தேன். புது நம்பர் கொடுத்திருக்கிறார், ஆனால் வீட்டுக்கு எதையும் சொல்லக் கூடாது என்று எழுதியும் கொடுத்திருக்கிறார் என்றார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவே ஏறாது.

"உன் கம்ப்யூட்டர்லதானேடி இருக்கான்? ஒரு தட்டு தட்டிப் பாரேன்."

"முடியாதும்மா."

"பெத்தவளுக்குத் தெரியக் கூடாதுன்னு எந்தப் படுபாவி சட்டம் போட்டான்?"

உன் பிள்ளைதான் என்று வாய் வரை வந்தது.

இன்று காலை நான் கூப்பிட வேண்டியவர்களின் வரிசையில் அவன் பெயர் வந்து நின்றது. ஒரே ஒரு தட்டு, நம்பர் கைக்கு வந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், விரல் பாதி தூரம் போய்விட்டது.

"அக்கா, இது என் தம்பி" என்றேன்.

கறார் அக்கா அந்த ஃபைலைத் தன் கணினிக்கு மாற்றிக்கொண்டார். "வெளிய போய் உக்காரு."

"இங்கயே இருக்கேன்கா. ஸ்கிரீனைப் பாக்க மாட்டேன்."

திரையை அந்தப் பக்கம் திருப்பினார். விசைப்பலகையைத் திருப்ப அவருக்குத் தோன்றவில்லை.

"வணக்கங்க, ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம்... நீங்க அவருக்கு?... ஃப்ரெண்டா... சரி... சரிங்க."

கல்யாண வீட்டுக்கும் எழவு வீட்டுக்கும் ஒரே குரல் அவருக்கு. எதுவும் பிடிபடவில்லை. போனை அவன் எடுக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. தூங்குவான், கடைக்குப் போயிருப்பான், அவன் என்றைக்குத் தன் போனைத் தானே எடுத்தான்?

"தேதி மட்டும் சொல்லுங்க" என்றார் அக்கா. தேதி எல்லோரிடமும் கேட்பதுதான், கடைசியாக டாக்டரை எப்போது பார்த்தீர்கள் என்று. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

போனை வைத்தார். முதலில் தட்ட வேண்டியது அந்த ஒன்றோ பூஜ்ஜியமோதான். கை விசைகளின் மேல் வந்து நின்றது. ஆள்காட்டி விரல் அசையவில்லை. கட்டைவிரல் இறங்கியது.

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் பார்த்தேன் என்று ஆகிவிடும். கறார் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பயிற்சித் தாளை இழுத்தார். மிச்சம் இருந்தது ஒரே வரி: நோயாளியின் ரகசியம் காக்கத் தெரியும். அதற்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து போனார்.

வீட்டில் அம்மா செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"இன்னைக்காவது தட்டிப் பாத்தியாடி?"

வீட்டுக்கு எதையும் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். உயிரோடு இருந்தவரை அவன் பேச்சை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நான் தட்டலம்மா" என்றேன்.

"நாளைக்காவது பாரு" என்றாள் அம்மா.