தனியாக வந்தேன் என்றாள் யெசெனியா

1

இந்தக் கதையை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், வேன் என்னுடையது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. சலீனாஸில் எங்கள் தெருவிலிருந்து ஃபிரெஸ்னோவரை அதை ஓட்டிப்போனவன் நான். நேர்காணல் நடந்த அறைக்குள் போகவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். உள்ளே நடந்ததாக நான் சொல்வதெல்லாம் பக்கத்து வீட்டு யெசெனியாவும் அவள் அம்மா ஒத்திலியாவும் தனித்தனியே என்னிடம் சொன்னது. இரண்டும் பாதிதான் ஒத்துப்போகின்றன.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: விடியலின் பொன்னொளியில் லெட்யூஸ் வயல்கள்—

வேண்டாம். அந்த வயலில் இருபது வருடம் குனிந்து லெட்யூஸ் கீரை வெட்டியவள் ஒத்திலியா. (வலது கை தோளுக்கு மேல் எழாது.) பொன்னொளி என்று அவளிடம் படித்துக் காட்டினால் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். யெசெனியா அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். பிசியோதெரபி மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இருப்பது நாற்பது இடம். நேர்காணலுக்குக் கூப்பிட்டவர்கள், விருந்தினர் ஒருவரை அழைத்து வரலாம் என்று எழுதியிருந்தார்கள். அதை வீட்டில் சத்தம்போட்டுப் படித்தாள் பாருங்கள், அதுதான் தப்பு.

"கல்யாணப் பத்திரிகையில ஒருத்தர்னு போட்டா நாம ஒருத்தராவா போறோம்?" என்றாள் ஒத்திலியா.

"அம்மா, இது கல்யாணம் இல்லம்மா. இன்டர்வியூ."

"கல்யாணத்துக்கே போறவங்க இதுக்குப் போகாம இருப்போமா? அதுவும் வெறுங்கையோடயா?"

அம்மா, அப்பா, தம்பி, சாயோ சித்தி, சித்தியின் இரட்டைப் பெண்கள், ஒரு அண்டா தமால். (சோளமாவுக்குள் பன்றிக்கறி வைத்து, சோள மடலில் பொதிந்து அவித்தது. வழியெல்லாம் வேன் மணத்தது. நான் மூன்று தின்றேன்.)

3

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். 'யாருடைய துணையுமின்றி இதுவரை வந்திருக்கிறேன்' என்று யெசெனியா விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். அப்படி எழுதினால்தான் எடுபடும் என்று கல்லூரியில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண்மணி அதைப் படித்துவிட்டு அன்பாகத்தான் கேட்டார்.

"இன்னைக்கும் இவ்வளவு தூரம் தனியாத்தான் வந்தீங்களா?"

"ஆமா மேடம். தனியாத்தான்."

(எனக்குக் கோபம் வந்தது. மூன்று மணி நேரம் ஓட்டியவனுக்கு வராதா?)

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அண்டாவை இடது இடுப்பில் ஏந்தியபடி ஒத்திலியா. பெண் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே என்ற ஒரே கவலை அவளுக்கு.

என் முதல் வடிவம் இப்படிப் போனது: யெசெனியா தலையைக் குனிந்துகொண்டு, 'இவர் யாரென்று எனக்குத்—

அடித்துவிட்டேன். அவளை அவ்வளவு கேவலமாக எழுத எனக்குக் கை வரவில்லை, உண்மையும் அதுவல்ல. அம்மாவும் மகளும் ஒரே மாதிரி சொல்வது இந்த இடம்தான்: யெசெனியா எழுந்து போய் அண்டாவை வாங்கிக்கொண்டாள். "எங்கம்மா," என்றாள். இரண்டு பேர் தமால் சாப்பிட்டார்கள். மூன்றாமவர் தொடவில்லை, காகிதத்தில் ஏதோ குறித்தார்.*

* என்ன குறித்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள். 'பொய் சொல்கிறாள்' என்றும் எழுதிப் பார்த்தேன், 'காரம் அதிகம்' என்றும் எழுதிப் பார்த்தேன்.

4

திரும்பும் வழியில் அவளாகவே சொல்லிவிட்டாள். ஒத்திலியாவுக்கு ஆங்கிலம் தெரியாது, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"தனியா வந்தேன்னு சொல்லிட்டேம்மா."

ஒத்திலியா சீட்டிலேயே அவள் பக்கம் திரும்பினாள்.

"எங்களச் சொல்ல வெக்கமாடி?"

"இல்லம்மா. தனியா நிக்கிறவளத்தான் எடுப்பாங்கன்னு நெனச்சேன்."

"என் தோளப் பிடிச்சுவிட்டுப் பிடிச்சுவிட்டுத்தானே இந்தப் படிப்பு மேல ஆசை வந்துச்சு உனக்கு? அதையில்ல சொல்லியிருக்கணும்?"

யெசெனியா அழுதாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைத்து எழுதுவானேன்.

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் இடம் கிடைத்து, தெருவே கூடி ஆடுகிறது. இன்னொன்றில் கிடைக்காமல், அடுத்த வருடமும் விண்ணப்பிக்கிறாள். இரண்டையும் கெடுத்தவள் அவள்தான். மறுநாள் அந்த மூவருக்கும் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள், பின்னாலேயே அவள் அம்மா. 'நான் தனியாக வரவில்லை. கேட்டபோது பொய் சொன்னேன். என்னோடு ஆறு பேர் வந்தார்கள். நான் முதலில் தொட்டுப் பழகிய தோள் என் அம்மாவுடையது.'

"அனுப்பாதடி, பைத்தியமே," என்றேன். "கிடைக்க இருக்கிற இடமும் போயிடும்."

"போனா போகட்டும் மாமா. உள்ள போய் மூணு வருஷம் அதே பொய்யோட உக்காந்திருக்க முடியாது."

அம்மாவுக்குப் புரிகிற மொழியில் ஒருமுறை படித்துக் காட்டினாள். ஒத்திலியா விரல்விட்டு எண்ணினாள்.

"ஆறு இல்லடி, ஏழு. வண்டி ஓட்டின அண்ணன விட்டுட்டியே!"

யெசெனியா திருத்தினாள். அனுப்பிவிட்டாள்.

பதில் இன்னும் வரவில்லை. முடிவை நானே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஏழு பேரில் ஒருவனாகிவிட்டேன். சொந்த வீட்டுப் பெண்ணுக்கு நானே மார்க் போட்டுக்கொண்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? நீங்கள் எங்கள் வேனில் வராதவர். கடிதத்தைப் படித்துவிட்டீர்கள். சொல்லுங்கள், எடுத்துக்கொள்வீர்களா இவளை?