நகர்ந்துபோன சனி

1944 தை மாதம், ராசிபுரம் பள்ளி மைதானத்தில் இருந்தவர்கள்: என் அண்ணன் நாச்சிமுத்து, அவர் மகள் வசந்தாமணி, அவளைத் தன் மகனுக்குப் பேசி முடிக்க வந்திருந்த செங்கோட்டையன், தொலைநோக்கியோடு வந்த சவரியார் வாத்தியார், நான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள்.

சவரியார் கொடைக்கானல் வான் ஆராய்ச்சி நிலையத்தில் சிலகாலம் வேலை பார்த்தவர். பொழுது சாய்ந்ததும் பித்தளைக் குழாயைத் திருப்பி, சனிக் கிரகத்தை வளையத்தோடு பிடித்துவிட்டு, "ஒவ்வொருத்தரா வாங்க. சீக்கிரம் நகர்ந்துரும்" என்றார்.

அண்ணன் அசையவில்லை. கோயிலில் முதல் திருநீறு எங்கள் வீட்டுக்குத்தான். அதுவும் ஊர் சொல்லி, அப்பன் பேர் சொல்லி அழைத்த பிறகுதான் எடுப்போம்.

"முறையாக் கூப்புடச் சொல்லு" என்றார் என்னிடம்.

"அதுக்குள்ள போயிருமுங்க" என்றார் சவரியார்.

"எங்க போவுது? நான் வாரவரைக்கும் நிக்கும்."

வாத்தியாருக்கு முறை தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். இரண்டு முறை தப்பாகச் சொன்னார். கடைசியில் அண்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டு போய்க் குனிந்தார்.

"ஆகா! தங்க வளையமாட்டம் சுத்தியிருக்குது!"

அடுத்துக் குனிந்த செங்கோட்டையன் வெகுநேரம் நிமிரவில்லை. "ஏனுங் மச்சான், எனக்கு ஒண்ணுமே காணமுங்களே?"

"அதுக்குக் கண்ணு பழகோணுமுங்க. எல்லாத்துக்கும் தெரிஞ்சிராது" என்றார் அண்ணன்.

சவரியார் குனிந்து பார்த்தார். "இது அப்பவே நகர்ந்துபோச்சுங்க. உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தப்பவே போயிருக்கும்."

"பழகுன கண்ணுக்கு இல்லாததுகூடத் தெரியுமாட்ட இருக்குது!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது. வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

சவரியார் குழாயை மறுபடி திருப்பிச் சரிசெய்தார். செங்கோட்டையன் பார்க்க வரவில்லை. வண்டி பூட்டும்போது நான் ஓடிப்போய் நின்றேன்.

"புள்ளை மேல குத்தமில்லீங்க" என்றார். "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானுஞ் சேந்து சிரிச்சிருப்பேன். என் கண்ணைத்தானே குத்தஞ் சொல்லிப்போட்டாரு. நாளைக்கு எங்க ஊட்ல ஒண்ணுன்னா, இவர் சொல்றதுல எதை நம்பறதுங்க?"

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

இப்போது ஊரில் வேறு பேச்சு. நாச்சிமுத்து சனியை நேருக்கு நேர் பார்த்துவிட்டார், அந்தப் பீடை பிடித்துத்தான் மகள் கல்யாணம் நின்றது, அந்த வீட்டில் பெண் எடுக்கக் கூடாது என்கிறார்கள். வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அதனால் சொல்கிறேன்: என் அண்ணன் சனியைப் பார்க்கவில்லை.