எல்லாம் பக்கம்

போச்சம்பள்ளிக்கு மின்சார ஸ்கூட்டர் கம்பெனி வரும் என்று அரசாங்கம் சொல்வதற்கு முன்பே சொன்னவன் பிரேம்குமார். சொன்னது உள்ளூரில் இருந்து அல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், புனே பக்கத்துச் சாக்கனில் இருந்து. அங்கே பைக் எஞ்சின் பூட்டும் லைனில் அவனுக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்ததும், மத்தூர் பக்கத்துக் கிராமத்தில் மாமியாரோடு இருக்கும் தன் மனைவி சுவேதாவுக்குப் போன் போடுவான். புதுசாகக் கல்யாணமான புருஷன் பொண்டாட்டியிடம் என்னென்னவோ பேசுவான். இவன் கிருஷ்ணகிரி ஜில்லாவின் பெருமையைப் பேசுவான்.

"நீயே யோசிச்சுப் பாருமே. பெங்களூரு பக்கம். ஓசூர்ல கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ் இல்ல. நட்டு வேணுமா, வயரு வேணுமா, காலைல சொன்னா மத்தியானம் வந்து எறங்கிடும். ஹைவே பக்கம். மெட்ராஸ் ஹார்பருக்கு ஒரே ரோடு. வெயிலும் அவ்ளோ கெடையாது. கரண்டு வண்டி செய்யறவன் இங்க வராம வேற எங்க போயிடுவான்?"

வெயில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் புளுகுவான். அந்தக் குளிர்ச்சியெல்லாம் ஓசூரோடு சரி.

சுவேதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். "கம்பெனி வந்தா நீ வந்துடுவியா மாமா?"

"வராம? அன்னிக்கே பொட்டியத் தூக்கிடுவேன்."

அவளுக்கு ஹைவேயும் ஹார்பரும் எக்கேடு கெட்டால் என்ன? அவன் வரவேண்டும், அவ்வளவுதான். காரணம் இருந்தது. முதல் பிள்ளைக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. பிரேம்குமார் அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தான். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் வந்து பார்த்தது ஈர மண்ணைத்தான்.

"யார் ஜாடைமே?" என்று கேட்டான். சுவேதாவால் சொல்ல முடியவில்லை. துணியில் சுற்றி ஒரு தரம் காட்டினார்கள். அவளே சரியாகப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவன் அவள் தலையில் கைவைத்துச் சொன்னான்: "அடுத்தது பொறக்கறப்ப நான் இங்க இருப்பேன்." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

கம்பெனியும் வந்தது. பந்தல் போட்டு, பொக்கே கொடுத்து, மைக் பிடித்தவர்கள் எல்லாம் பிரேம்குமார் போனில் சொன்னதையே சொன்னார்கள். நிலம் இருக்கிறது, ரோடு இருக்கிறது, பெங்களூரு பக்கம், புகையில்லாத தொழிலுக்கு இதைவிட நல்ல இடம் இந்தியாவிலேயே கிடையாது. சுவேதா அதை வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினாள்.

ஒரு வேலை கையில் கிடைத்த பிறகு இன்னொன்றை விடுவதுதான் உலக வழக்கம். பிரேம்குமாருக்கு அந்தப் பொறுமை இல்லை. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் தன் பெயரில் ஒரு விண்ணப்பம் போட்டான். ரெண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போகலாம் என்று ஆசைப்பட்டு, பிளஸ் டூ படித்த சுவேதாவின் பெயரிலும் ஒன்று போட்டான். பிறகு சாக்கனில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுப்பையும் பாயையும் ரூம் நண்பர்களிடம் தாரை வார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான். எட்டு வருஷ சர்வீஸ் உள்ளவனை எவன் வேண்டாம் என்பான்?

கேட்டிலேயே வேண்டாம் என்றார்கள். அங்கிருந்த காவலாளி முதலில் கன்னடத்தில் சொன்னார், அப்புறம் தெலுங்கில், கடைசியில் தமிழில். மூன்று பாஷையிலும் பதில் ஒன்றுதான்: பெண்களுக்கு மட்டும். கூட வந்த சுவேதாவோடு பிரேம்குமார் நகராமல் நின்றதால் இருவரையும் உள்ளே ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த ஹீனா என்ற பெண்ணிடம் அனுப்பினார்.

ஹீனா பாவம், நல்ல மாதிரிதான் பேசினாள். "லைன் ஃபுல்லா லேடீஸ்தான் சார். மெயின்டனன்ஸுக்கு எலக்ட்ரிகல் படிச்சவங்கள எடுத்து முடிச்சாச்சு."

"எஞ்சின் லைன்ல எட்டு வருஷம் இருந்திருக்கேம்மா."

"இந்த வண்டியில எஞ்சினே இல்லீங்களே சார்." சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம், "சுவேதாங்கறது நீங்களா? திங்கக்கிழமை ட்ரெய்னிங் வந்துடுங்க," என்றாள்.

ஜில்லாவின் பலத்தையெல்லாம் விரல் விட்டுச் சொன்ன பிரேம்குமார் ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். பிளஸ் டூ முடித்துவிட்டு, பஸ் வாசலுக்கு வந்தால் வேலைக்குப் போகலாம் என்று ஊர் ஊராக உட்கார்ந்திருந்த பெண்கள். வீடு பக்கம் என்பதால் வேலையை விட்டு ஓட மாட்டார்கள். கம்பெனிக்காரன் மற்றதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்திருக்கிறான்.

சுவேதா போகமாட்டேன் என்றாள். "பைத்தியமாட்டம் பேசாதமே. ரெண்டு பேரும் குந்திக்கினு இருந்தா சோறு வருமா?" என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். முதல் நாள் பைக்கில் கொண்டுபோய்க் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டவனும் அவன்தான்.

அவன் ஓசூரில் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எஞ்சின் பாகம் செய்கிற இடங்களில் ஒரே பேச்சு: "ஊரெல்லாம் கரண்டு வண்டி வருது தம்பி, நாங்களே ஆளக் கொறைக்கிறோம்." எது வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தானோ, அது வந்து அவன் தலையிலேயே உட்கார்ந்துகொண்டது.

சுவேதா பேட்டரி பெட்டிக்குள் வயர் இணைக்கக் கற்றுக்கொண்டாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. யூனிஃபார்ம் பிடித்திருந்தது, கேன்டீனில் பெண்களோடு சிரிப்பது பிடித்திருந்தது. அதை வீட்டில் சொல்ல முடியாமல் போனதுதான் பாரம். ஆரம்பத்தில் "இன்னிக்கு லைன்ல இன்னா ஆச்சு?" என்று அவன் கேட்பான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கும். பிறகு அவன் கேட்பதை விட்டான், அவள் சொல்வதை விட்டாள். டீக்கடையில் எவனோ "பொண்டாட்டி பஸ்ஸு வந்துடுச்சாடா?" என்று கிண்டல் செய்ததிலிருந்து அவளை ஏற்றிவிட வருவதும் நின்றது.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். சாக்கனில் கூட இருந்தவன் குஜராத்தில் இருக்கிறான். ஜெனரேட்டர் எஞ்சின் செய்கிற கம்பெனி. உடனே வரச் சொல்கிறான். மாமியார் ஜோதியம்மாள் குழம்பு ஊற்றிய கையோடு மகனைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். 

சுவேதாவுக்கு நாள் தள்ளியிருந்தது. மத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்து உறுதியாகியும் இருந்தது. அன்றைக்குச் சொல்லத்தான் இருந்தாள். ஆனால் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் ரத்தம் ஓடுவதைப் பார்த்ததும் வாயடைத்துப் போனாள். சொன்னால் இருந்துவிடுவான். இருந்து என்ன ஆவான்? அதையும்தான் தினம் பார்க்கிறாளே. விழுங்கிக்கொண்டாள்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விழுங்கிக்கொண்டுதான் வந்தாள். பெங்களூரு பஸ் நின்றிருந்தது. அவன் பையோடு படியில் ஒரு காலை வைத்தான். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் முழுகாம இருக்கேன்."

கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று கத்திக்கொண்டிருந்தார். பிரேம்குமார் இறங்கிவிட்டான். பையைக் கீழே போட்டான். "நெஜமாவாமே? எத்தினி மாசம்?"

"ரெண்டு முடியப்போவுது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். இனிமேல் எப்படிப் போவான்?

அவன் கீழே கிடந்த பையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "இப்பத்தான் கட்டாயம் போவணும் சுவேதா. வயிறு தெரிஞ்சா உன்ன எவ்ளோ நாள் லைன்ல நிக்க வெப்பாங்க? நானும் சும்மா குந்திக்கினு இருந்தா, பொறக்கறதுக்கு இன்னா குடுப்பேன்?"

"தலையில கை வெச்சு சொன்னியே மாமா."

"சொன்னேன்."

இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சொன்னேன் என்கிறவனிடம் என்ன பேசுவது? டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவன் பையை எடுத்துக்கொண்டு ஏறினான். ஏறியவன் கம்பியைப் பிடித்தபடி குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஏதாச்சும்... ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, இந்தத் தடவ நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கமே. மொகத்தயாச்சும் பாத்துடறேன்."

சொன்ன மறு நொடி தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். கரு கூடிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? வேறு எவர் சொல்லியிருந்தாலும் சுவேதா அங்கேயே கிழித்திருப்பாள். அவளோ, "சரி மாமா," என்றாள்.

சந்தோஷ சேதி சொன்ன இடத்தில், பிறக்காத பிள்ளையின் சாவுக்கு ஏற்பாடு பேசி முடித்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தபோது, பஸ் ஓசூர் ரோட்டில் போய்விட்டிருந்தது. ஷிஃப்டுக்குப் போகப் போட்டுவந்த யூனிஃபார்மோடு அவள் அங்கேயே நின்று அழுதாள்.