கல்மேட்டில் விழுந்த இரும்பு

எல்லாவற்றுக்கும் என் வாய்க்கொழுப்புதான் காரணம். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அறுபத்தொன்றாம் வருடம். மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலைக்கு அப்போது வண்டி போகிற ரோடு கிடையாது. மலைமேல் வாழவந்தி நாட்டில் நெல்லும் சாமையும் அரைக்க மில் வைப்பதென்று ஊர்ச் சங்கத்தில் முடிவு செய்து, கோயமுத்தூரில் ஒரு கம்பெனியிடம் டீசல் எஞ்சின் வாங்கியிருந்தார்கள். அடிவாரத்தில் அதைப் பிரித்து, மேலே கொண்டுபோய்ப் பூட்டி, ஓட்டிக்காட்டும் வேலையை எங்கள் பாலிடெக்னிக்கில் ஐந்து பேருக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கம்பெனி மேனேஜரே மலையேறி வந்து பார்ப்பார், ஐந்து பேரில் ஒருவனைக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார் என்று பேச்சு. அந்த வருடம் எங்கள் வகுப்பைத் தேடி வந்த வேலை அது ஒன்றுதான். அந்த ஒருவன் நான்தான் என்று மலையேறும் முன்பே எனக்கு நானே முடிவு செய்துவிட்டேன்.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் விடியற்காலையில் எஞ்சினைப் பிரித்தோம். பெரிய சக்கரத்தை மூங்கிலில் கோத்து எட்டுப் பேர் தூக்கினார்கள். மற்ற சாமான்களைக் காவடித் தண்டின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஆளுக்கொரு சுமை. முத்தன் என்ற ஆளின் தண்டில் ஒரு பக்கம் கனம் குறைந்தது. அவர் குனிந்து தரையில் எதையோ தேடினார்.

“என்னங்க தேடறீங்க?” என்றேன்.

“கல்லுங்க. அந்தப் பக்கம் தூக்குதுங்க.”

“இருக்கற பாரம் போதாதுன்னு வெட்டியா ஒரு கல்லை வேற சொமப்பீங்களா? இந்தாங்க, இதைக் கட்டுங்க.”

பேலன்ஸ் வெயிட் ஒன்றை எடுத்து என் கையாலேயே கட்டினேன். பூசணிக்கீற்று மாதிரி வளைந்த இரும்புக் கட்டி. அதில் கட்டியிருந்த பெயர்த் தகடு கயிற்றை அறுக்கும் என்று அதையும் கழற்றிவிட்டேன்.

“தகடு இல்லாம அனுப்பாதடா மாணிக்கம், இரும்பைப் பெட்டியில போடு” என்றான் சின்னராசு. வகுப்பில் எனக்கு அடுத்த மார்க்கு வாங்குகிறவன்.

“உன் வேலையைப் பாரு” என்றேன்.

மலையேறியதைப் பற்றி என்ன சொல்ல? வெறுங்கையோடு ஏறிய நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். சக்கரம் தூக்கிய எட்டுப் பேரும் ஒரே மூச்சாக விட்டு, ஒரே காலாக வைத்து, என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பூட்டும்போது பேலன்ஸ் வெயிட் ஒன்று இல்லை. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எதிர்ப்பக்கம் கனம் கொடுத்து அதை நிதானப்படுத்துவது அந்த இரண்டு இரும்புகள்தான். ஒன்றோடு ஓட்டினால் கட்டிப்போட்ட எருமைக்கடா மாதிரி எஞ்சின் குதித்து, கடைக்காலையே பெயர்த்துவிடும். முத்தனைத் தேடி ஓடினேன். அவர் காட்டில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கய்யா என் இரும்பு?”

“அதை எறிஞ்சுட்டனுங்களே.”

“எறிஞ்சியா?”

“மேல ஏறினதும் எறியறதுதானுங்களே. கல்லு கட்ற எடத்துல கட்டிக் குடுத்தீங்க. உங்களுக்கு ஆகாத இரும்புன்னு நெனச்சனுங்க.”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திருடன் என்றுகூடச் சொன்னேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். மண்வெட்டியை வைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

பாதை மலையேறி முடியும் இடத்தில் நின்றார். “இதுலதானுங்க.”

முந்தின நாள் மூச்சிரைக்க அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். மலையின் ஒரு பாகம் என்று நினைத்திருந்தேன். மலை இல்லை. கல்மேடு. இரண்டு ஆள் உயரம், ஒரு தேர் நிற்கும் அகலம். கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் உருண்டைக் கல், வழவழப்புக் கல், கீழே ஓடைகளில் கிடக்கும் கல். மலைக்கல் என்று ஒன்றுகூட இல்லை.

“ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் துணின்னு வருமுங்க. துணிப்பக்கம் ஒரு கல்லை வெச்சாத்தான் தோளு நிக்கும். மேல வந்தா அதுக்கு வேலையில்லீங்க, இங்க போட்டுருவோம். என் கல்லே ஆயிரம் கெடக்குமுங்க” என்றார் முத்தன்.

சமநிலை என்பது எனக்கு ஒரு பாடம், எண்பத்திரண்டு மார்க்கு. இங்கே எத்தனையோ தலைமுறை அதைத் தோளில் தூக்கி வந்து கொட்டியிருந்தது. வேறு எதற்கும் உதவாத கல். அது இல்லாமல் ஒரு படி உப்புகூட மேலே வந்திருக்காது. கும்பிட வேண்டும் போல இருந்தது. இவரைப் போய்த் திருடன் என்றேனே.

முந்தின நாள் பனிமூட்டத்தில் முத்தன் எறிந்த பின் இருபது பேர் அங்கேயே தங்கள் கல்லை எறிந்திருந்தார்கள். இரும்பு எந்த இடுக்கில் இறங்கியதோ? பிரித்தால்தான் கிடைக்கும். அதற்கு ஊர்க்கவுண்டர் காளியண்ணன் லேசில் சம்மதிக்கவில்லை.

“போட்ட கல்லைத் திருப்பி எடுக்கறதில்லீங்க தம்பி. எடுத்தா, பொழுது எறங்கறதுக்குள்ள அத்தனையும் பழையபடி ஏறியாகணும். எடுக்கச் சொன்னவங்க கடைசிக் கல்லு வரைக்கும் நிக்கோணும். நிப்பீங்களா?”

“நிக்கிறனுங்க” என்றேன். இரும்பு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் சொன்னது. ஆனால் சொன்னேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அறுபது பேர் வந்தார்கள். வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றி இறக்கினோம். ஒருவரும் கல்லைத் தரையில் போடவில்லை, வைத்தார்கள். பாதி மேடு இறங்கியபோது முத்தனே இரும்பைக் கண்டெடுத்து வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். ஓடிப்போய்ப் பூட்டினோம்.

மேனேஜர் உச்சிவேளையில் வந்து சேர்ந்தார். சின்னராசு கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் இரண்டு முறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்த மலையில் முதன்முதலாக ஒரு எஞ்சின் சத்தம். சாமை முறத்தோடு நின்ற பெண்கள் சுவரில் கை வைத்து அதன் துடிப்பைப் பார்த்தார்கள். மேனேஜர் ஒரு டம்ளர் தண்ணீரை எஞ்சின் மேல் வைத்தார். தண்ணீர் நடுங்கியது, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“வால்வு டைமிங் வெச்சது யாரு?”

“நான் சார்.”

“பெட்டியை எடுத்துக்க. மூணு மணிக்கு என்கூட எறங்கு. நாளைக்குக் காலையில கம்பெனியில சேர்ந்துடு.”

காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. மேட்டைப் பற்றிச் சொன்னேன். இரும்பின் தகட்டைக் கழற்றியது, திட்டியது, எல்லாம்.

“கல்லு அடுக்க ஊர்ல ஆளா இல்லை?” என்றார்.

“நிக்கிறேன்னு சொல்லிட்டேன் சார்.”

“மூணு மணி. நீ வரலைன்னா அடுத்த பையன் வருவான்.”

காளியண்ணனிடம் கெஞ்சி விடை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மேட்டுக்கு ஓடினேன். மறைப்பானேன், பெட்டியும் கையில்தான் இருந்தது. வரிசை நடந்துகொண்டிருந்தது. காலையில் நான் நின்ற இடம் மட்டும் காலி. யாரும் நகர்ந்து அதை நிரப்பவில்லை. இந்தப் பக்கம் முத்தனும் அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் அந்த இடைவெளிக்கு மேலாக எட்டி எட்டிக் கல்லை மாற்றினார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் நின்றேன்.

மூன்று மணிக்கு மேனேஜரும் சின்னராசுவும் அந்தப் பாதையில் வந்தார்கள். சின்னராசு கையில் பெட்டி. என் முகத்தைப் பார்க்காமல் தள்ளி நின்றான். மேனேஜர் மேட்டை அண்ணாந்து பார்த்தார், கல்லைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு கல்லை இரண்டு கையாலும் எடுத்து மேட்டில் வைத்தார். ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சின்னராசுவும் போனான்.

வேலையும் அதோடு போயிற்று.

வெயில் சாயும்போது முத்தன் கேட்டார்: “அந்தய்யா உன்னையத்தான் கூப்புட்டாராமே, கண்ணு?”

“ஆமாங்க.”

“போயிருக்கலாமில்ல? நாங்க பாத்திருப்போம். ஆரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னங்க?”

“சொல்லியிருந்தா போயிருப்பியா?”

மேட்டைப் பார்த்தேன். முக்கால் ஏறிவிட்டிருந்தது.

“மாட்டனுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. தெரிந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முத்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கிடந்ததிலேயே பெரிய கல்லாகத் தேடி எடுத்து என் கையில் வைத்தார்.