உமாபதி வயிற்றில் தங்கிய கருத்து

போன ஆடி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, ஏனாத்தூர் உமாபதியின் வயிற்றில் ஒரு கருத்து தங்கியது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மறுநாள் எடுத்த ஸ்கேனில் கருத்து தெளிவாகவே தெரிந்தது: 'கருகலைப்பு கொலையே'. இருபது வருடங்களாக அவருடைய ஃப்ளெக்ஸ் கடையிலேயே அச்சாகி, கைகூப்பிச் சிரிக்கும் அவர் படத்தோடு பேருந்து நிலையம் முதல் ரயில்வே கேட் வரை தொங்கிய அதே வாசகம். நடுவில் விட்டுப்போன 'க்' வயிற்றுக்குள்ளும் விட்டுப்போயிருந்தது. கருவுயிர் காப்புப் பேரவைக்கு நிறுவனரும் தலைவரும் அவரே, செயலாளர் கோதண்டபாணி. வேறு உறுப்பினர்கள் இல்லை.

தங்கிய விதம் இதுதான். இரண்டு பிள்ளை பெற்ற மகள் ஜெயப்ரியா திருப்புட்குழியிலிருந்து வந்து, மூன்றாவது தங்கியிருக்கிறது, வேண்டாமென்று தானும் கணவனும் முடிவெடுத்துவிட்டோம் என்றாள். "வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரி. அவருக்கு லீவு இல்ல. நீ கூட வரியாப்பா? வரலன்னா தனியா போய்ட்டு வந்துடுவேன். ஆனா அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்." உமாபதி வாசகத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். எதிரே மைக் இல்லை, மகளின் முகம் இருந்தது. வாசகத்தை அப்படியே விழுங்கிவிட்டு, "யோசிச்சு சொல்றேம்மா" என்றார். செவ்வாய் காலை இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

டாக்டர் மங்கையர்க்கரசி ஸ்கேன் பார்த்து, "எத்தன நாளா சார்?" என்றார். "இருபது வருஷமா." "நாள் கடந்துபோச்சே" என்று சொல்லிக் கை கழுவப் போனார். புதன்கிழமை வயிறு ஒன்பது மாதத்துக்கு வந்தது. உமாபதி மாங்காய் கேட்டார். மனைவி கிருஷ்ணவேணி நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தாள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை, பொதுக்குழு ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தோடு கோதண்டபாணி வந்தார். பொதுக்குழுவில் அன்று அவர் ஒருவரே இருந்தார்.

"தங்குனது தங்கிடுச்சு தலைவரே. பெத்துடுங்க."

"நிக்க முடியல, ஒக்கார முடியலபா."

"கொஞ்ச நாளுதான். ஊரே ஒங்களப் பாத்துக்கினு இருக்குது."

"பெத்து எங்க வெச்சிக்கறது? யாரு வளக்கறது?"

"அத கடவுள் பாத்துப்பாரு."

"யோவ், வயிறு என்னுதுயா" என்றார் உமாபதி.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. சமையலறையில் மாங்காய் நறுக்கும் சத்தம் நின்றது. கோதண்டபாணி தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டு உமாபதி மகளோடு போனார். நர்ஸ் படிவத்தை முதலில் அவரிடம்தான் நீட்டினாள். ஜெயப்ரியா கைப்பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வைக்க மடி இல்லாததால் அதை வயிற்றின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர், ஃப்ளெக்ஸில் பார்த்த முகம் என்று கண்டுபிடித்துவிட்டார். "நீங்களே இங்கயா? அப்ப இது சரின்றீங்களா சார்?"

உமாபதி கைப்பையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியல சார். அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. அவதான் கூப்ட்டா, வந்துகிறேன்."

வயிற்றின் மேலிருந்த கைப்பை மெல்ல மெல்ல மடிக்கு இறங்கியது.

ஜெயப்ரியா சோர்ந்து வெளியே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வயிறு எங்கப்பா?"

"இங்கதாம்மா இருந்துது."

"சரி, வேட்டியப் புடி. அவுருது."

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் உமாபதி பெயருக்கு நேரே 'தானாகக் கலைந்தது' என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு ஊரில் பதினோரு பேருக்குக் கருத்து தங்கியிருக்கிறது, கோதண்டபாணிக்கு இரட்டை. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தனி ஓ.பி. நடக்கிறது. வருகிறவர்கள் ஆண்கள் என்பதால் யாரும் காரணம் கேட்பதில்லை.