விபூதி பூசிய எஞ்சின்

அன்றைக்கு அனந்தலக்ஷ்மியின் மானமே கப்பலேறிவிடும் போலிருந்தது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவள் ஆசை ஆசையாக வாங்கிய பழைய பாய்மரப் படகு, விழிஞ்ஞம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. எஞ்சினை ஓட்டினால் போதும், அடித்தளத்தில் தண்ணீர் தேங்கிவிடும். "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒழுகறதை நிறுத்தலேன்னா வித்துடறேன்" என்று ரோஷத்தில் சொல்லித் தொலைத்திருந்தாள். கணவர் கல்யாணராமன் அதை அவர்கள் குடியிருக்கும் வலியசாலை அக்ரஹாரம் முழுக்கப் பரப்பிவிட்டார். இதோ ஞாயிறும் வந்தாயிற்று. படகை வாங்க ஷிபு என்ற மலையாளி கரையில் காத்திருக்கிறான்.

"பின்னாடி, தண்ணியைத் தள்ற விசிறியோட தண்டுகிட்டதான் ஒழுகறது. நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கறேன்" என்று ஸ்பானரோடு குனிந்தார் கல்யாணராமன்.

"நீங்க இறுக்கி இறுக்கித்தான் அது கொதிக்கறது! கையை எடுங்கோன்னா." தண்டு சூடேறாமலிருக்க அங்கே நாலு சொட்டு விழத்தான் வேண்டும். நாலு சொட்டு எங்கேயாவது படகை நிரப்புமா?

எஞ்சினைச் சுற்றி ஈரம் போகத் துடைத்தாள். கைப்பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து எங்கும் தூவினாள்.

"அடி பாவி! விபூதியையா கொட்டறே?"

"எஞ்சினுக்கும் கொஞ்சம் பக்தி வரட்டுமே!"

எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்தாள். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்ப் முன்பக்கம் இருந்தது. அதன் மூடிக்கடியில் விபூதி நனைந்து கறுத்து, ஈரக்கோடு ஒன்று சரிவோடு பின்னால் ஓடித் தண்டருகே போய்த் தேங்கியது.

"அடி திருட்டுக் கழுதை! இங்கே ஒழுகிட்டு அங்கே போய்ப் பழியைப் போட்டிருக்கியே!"

எஞ்சினை நிறுத்தி, கடல்நீர் வால்வை மூடி, பம்பின் மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த காகித வாஷர் நைந்து கிழிந்திருந்தது. கணவரின் பையில் அவர் அண்ணா பையனின் கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. நல்ல கெட்டி அட்டை! ஒன்றை உருவி, மூடியை வைத்து வரைந்து வெட்டினாள்.

"அது எங்க ஆபீஸ் பழைய மேனேஜருக்குடி!"

"அவர் வாட்ஸ்அப்ல பார்த்துப்பார்."

கிரீஸ் தடவிப் பொருத்தி, வால்வைத் திறந்து, மறுபடி துடைத்து, மறுபடி விபூதி தூவி எஞ்சினை முடுக்கினாள். வெகுநேரம் ஓடியும் பம்புக்கடியில் விபூதி வெள்ளை வெளேரென்றே இருந்தது. ஷிபு இறங்கி வந்து அடித்தளத்தில் கை வைத்துத் தடவினான்.

"ஒரு துள்ளிகூட இல்லல்லோ, சேச்சி! அப்போ நான் எப்போ எடுக்கட்டே?"

அனந்தலக்ஷ்மி வாய் திறக்குமுன் கல்யாணராமன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இது விக்கறதுக்கில்லேப்பா. கரையேறி அந்தக் கயித்தை அவுத்து விடு, நாங்க ஒரு சுத்து போயிட்டு வரோம்."

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கயிறு விழுந்ததும் கியரைத் தள்ளினாள்.