பச்சைச் சீலையில் வெட்டிய முகத்துவாரம்

கனகசூரியம் ஸ்டூடியோவுக்கு வரும்போதே ஒரு வாளி நிறையச் சேறு கொண்டுவந்தார். வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் பதினெட்டு வட்டைகளுக்கு அவர்தான் விவசாயச் சம்மேளனத் தலைவர். வட்டை என்றால் வயல்வெளி. வயல்வெளியில் சேறு இருக்கும். அதில் கால் வைத்து இருபது வருடம் ஆகிவிட்டதால், பாவம், மனிதர் வாளியில் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. அதையும் அவர் அள்ளவில்லை. டிரைவர் அள்ளினான்.

எங்கள் ஸ்டூடியோ காத்தான்குடியில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி நளீர் நானா. கல்யாண வீடியோதான் பிழைப்பு. மாப்பிள்ளையையும் பெண்ணையும் பச்சைச் சீலைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, பிறகு கம்பியூட்டரில் பச்சையைக் கழற்றிவிட்டுப் பின்னால் பனிமலையையோ துபாய்க் கட்டடத்தையோ வைப்போம். கழற்றுவது என் வேலை. அதில் இந்த மாவட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் செய்ததைப் பாருங்கள்: பெண்ணின் தலைமுடி ஓரமெல்லாம் பாசி பிடித்தது போலப் பச்சை. மாப்பிள்ளையின் சப்பாத்து பனியில் படாமல் அரையடி மேலே மிதக்கும். அந்த அலங்கோலத்தின் மூலையில் தங்கள் பெயரையும் போட்டுக்கொள்கிறார்கள், வெட்கமில்லாமல்.

அது மார்கழி மழைக்காலம். வாவி நிரம்பி வழிந்தது. கடலுக்குப் போகும் வழியை மணல்திட்டு அடைத்துக்கொண்டு நின்றது. பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுபோய் அந்தத் திட்டை உடைத்தால் வெள்ளம் கடலில் இறங்கும். முகத்துவாரம் வெட்டுவது என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அதை வெட்டினால்தான் எங்கள் மண்டூர் வயல்கள் தப்பும். அப்பாவின் நாலு ஏக்கர் வெள்ளாமை கதிர் பொதியும் குடலைப் பருவத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றது. தண்ணீர் இன்னும் ஏறிக் பயிரை மூடினால் எல்லாம் அழுகிப்போகும். அந்த நாலு ஏக்கரை விட்டால் அப்பாவுக்கு வேறு ஒன்றும் இல்லை. என் வேலையை அவர் வேலையாக நினைத்ததும் இல்லை. "கலியாணப் படத்துக்குப் பூச்சுப் பூசுறாள்" என்றுதான் ஊரில் சொல்லித் திரிவார்.

"கச்சேரியில அதிகாரிகள்ர கூட்டத்துல முடிவாகிட்டுது, தங்கச்சி" என்றார் கனகசூரியம். "நாளைக்குக் காலம முகத்துவாரம் வெட்டுறாங்க. நான் அதுல நிண்டு வெட்டுவிக்கிற மாதிரி வீடியோ இண்டைக்கே முடியோணும்."

"நாளைக்கு அங்க போய் நிண்டா என்ன, ஐயா?"

சோறு வேண்டாம், வைக்கோல் தின்னுங்கள் என்று நான் சொல்லிவிட்டது போலப் பார்த்தார்.

"அந்தக் காத்துக்கையும் மழைக்கையும் ஆர் நிக்கிற? மற்றது, எதிர்க் கோஷ்டிக்காரன் முந்தி வீடியோ போட்டான் எண்டா அவன்தான் வெட்டினவன் எண்டு ஆகிரும்."

நளீர் நானாவுக்கு அரசியல் எல்லாம் பொருட்டில்லை. வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அல்லாஹ்வே! சேத்தத் தரையில ஊத்திராதீங்க ஐயா. கீழ புடவக்கட. ஒரு சொட்டு ஒழுகினாலும் கட ஹாஜியார் என்னக் கொண்டு போட்ருவார்."

கடைசியில் பிளாஸ்டிக் தாச்சி ஒன்றில் சேற்றைக் கொட்டி, தலைவரை அதற்குள் இறக்கினோம். வேட்டியை மடித்துக் கட்டியபடி நின்றார். வெள்ளை வேட்டி எங்கள் தொழிலுக்குப் பெரிய தொல்லை. பின்னாலிருக்கும் சீலையின் பச்சை அதில் பட்டுத் தெறிக்கும். கவனிக்காவிட்டால் பச்சையோடு சேர்ந்து வேட்டியும் கழன்றுவிடும். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு தொழில் மானம் தடுத்தது. அவரைச் சீலையிலிருந்து எட்டடி முன்னால் கொண்டுவந்து, தோளுக்குப் பின்னால் ஒரு லைட் வைத்தேன். கடற்காற்றுக்கு மேசை ஃபேன். சால்வை நன்றாகத்தான் பறந்தது.

"உறவுகளே! சொன்னதச் செஞ்சி முடிச்சிட்டன். முகத்துவாரம் வெட்டியாச்சி. இந்தா பாருங்க, தண்ணி ஓடுது!" என்று கையை நீட்டினார். கை நீண்டது எங்கள் கழிப்பறைக் கதவை நோக்கி. ஒன்பது தடவை நீட்டினார். ஏழாவது தடவை குரல் தழுதழுத்தது. மழைக்குள் நிற்பவர்களுக்குக் கூட அப்படித் தழுதழுக்காது.

பின்னணிக்கு, இரண்டு வருடத்துக்கு முன் முகத்துவாரம் வெட்டியபோது நளீர் நானா ட்ரோனில் பிடித்த படம் இருந்தது. பெக்கோ மணலைக் கிழிக்கிறது, மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் பாய்கிறது. அந்தப் படத்தில் வெயில் இடப்பக்கத்தால் வந்தது. அவர் முகத்திலும் இடப்பக்கம் வெளிச்சம் ஏற்றினேன். கால் இரண்டுக்கும் மணலில் நிழல் விழுத்தினேன். சால்வைக் குஞ்சத்தை இழை இழையாகச் சுத்தம் செய்தேன். மைபூசிய தலைமுடியில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆள் அங்கேதான் நின்றார். பொய்யென்று தெரிந்த எனக்கே ஒரு கணம் மனம் குளிர்ந்தது.

"ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான், புள்ள" என்றார் நளீர் நானா. "நம்மட பேரப் போடு." வலப்பக்க மூலையில் ஸ்டூடியோவின் பெயரைப் போட்டு அனுப்பிவைத்தேன்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. கனகசூரியம் வாயைத் திறந்தாலே மண்டூரில் சிரிப்பார்கள். குளம் கட்டித் தருகிறேன் என்றார், பாலம் போட்டுத் தருகிறேன் என்றார். ஒரு கல்லும் வந்து சேரவில்லை. அப்படிப்பட்டவரின் வீடியோவை எந்த மடையன் நம்பப்போகிறான் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வியாழன். காலை ஆறு மணிக்கே வீடியோவைப் போட்டுவிட்டார்கள். பத்து மணிக்கு நளீர் நானா செய்தி கொண்டுவந்தார்: கடல் கொந்தளிப்பு, வெட்டினாலும் அலை மணலைத் திரும்பக் கொண்டுவந்து மூடிவிடும், அதனால் முகத்துவாரம் வெட்டுவதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெட்டாத முகத்துவாரத்தில் தலைவர் நின்றுகொண்டிருக்கிறார்! நன்றாக வேண்டும், இன்றோடு நாறப்போகிறார் என்று சந்தோஷப்பட்டேன். வீடியோவை எடுத்துவிடுவார் என்றும் எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. மூவாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள், எடுக்க மனம் வருமா? பின்னேரம் மழை பிடித்தது. கல்யாண வீடியோ ஒன்று பாதியில் கிடந்தது. அதில் மூழ்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோ பூட்டு. பஸ் பிடித்துக் குருமண்வெளிக்குப் போய், வாவியைக் கடக்கும் பாதையில் ஏறினேன். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை. வழக்கமாகச் சத்தமாக இருக்கும். அன்று எல்லாரும் மண்டூர்ப் பக்கம் பார்த்தபடி நின்றார்கள்.

எங்கள் வட்டைக்கும் வாவிக்கும் நடுவே, வாவித் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஓர் அணை உண்டு. முகத்துவாரம் வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவுடன் எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு போய் அந்த அணையை வெட்டித் திறந்துவிடுவார்கள். அரை நாளில் வாவி இறங்கும். அது இறங்கும்போது வழி திறந்திருந்தால் வயல் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வியாழக்கிழமை காலை உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக நின்றதாம். முகத்துவாரம் வெட்டியாகிவிட்டது என்று செய்தி வந்தது. அணையை வெட்டிவிட்டார்கள். முகத்துவாரமோ திறக்கவில்லை. பின்னேர மழையோடு வாவி இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. வெட்டிய வாயால் உவர்த்தண்ணீர் உள்ளே வந்தது.

நான் போனபோது வயல் இல்லை. வாவிதான் இருந்தது. அப்பா உடைந்த அணைமேல், பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிவைத்துவிட்டுக் குந்தியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "கனகசூரியத்தின்ர கதையக் கேட்டா அணைய வெட்டின நீங்க? அந்தாள இருவது வருசமாத் தெரியாதா உங்களுக்கு?"

"அவன்ர வாய நான் எப்ப நம்பின?" என்றார் அப்பா. "மூலையில உங்கட ஸ்டூடியோட பேர் கிடந்திச்சி. எங்கட புள்ள நேர நிண்டு புடிச்ச படம், இதுல பொய் இரிக்காது எண்டு நான்தான் எல்லாருக்கும் சொன்னன். மறுகாதான் எல்லாரும் மம்பட்டியோட வந்தாங்க."

அவர் என்னையே பார்த்தார்.

"வெட்டின முகத்துவாரத்தக் கடல் திரும்பவும் மூடிட்டுதா, புள்ள? நீ அங்கதானே நிண்டாய்."

"முகத்துவாரம் வெட்டவே இல்ல, அப்பா. நான் அங்க போகவும் இல்ல. ஸ்டூடியோவுக்குள்ள பச்சச் சீலைக்கு முன்னால நிக்க வெச்சி எடுத்தது."

அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். வீடியோவைப் போட்டு, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இந்தக் காத்து?"

"ஃபேன்."

"காலில சேறு கிடக்கே?"

"வாளியில கொண்டந்தது."

"இந்தத் தண்ணி ஓடுறது?"

"அது ரெண்டு வருசத்துக்கு முந்தின தண்ணி. நான்தான் வெச்சன்."

இன்னொரு தடவையும் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் செஞ்சிரிக்காய்" என்றார்.

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வெட்டிய இடத்தை அடைக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.